செவிக்கருவிப் பெட்டியும் மூன்று வயர்களும்

ஒலியாய்த் தோன்றி, செவியாய் மலர்ந்து, ஒலி அடங்கிய பின்னும் உள்ளத்தில் நின்றருளும் தாமிர சபைப் பெருமானே, காந்திமதித் தாயே, எழுதப் புகும் இச்சிறு செய்தியில் பொய்யும் தற்பெருமையும் புகாமல் காத்தருள்க.

இன்று தைப்பூச நன்னாள். அம்மையும் அப்பனும் தீர்த்தவாரிக்காகத் தாமிரபரணிக்கு எழுந்தருளும் நாள். ஆற்றங்கரையில் வழிபாடு முடித்து வீடு திரும்பி, ஈரப் புடைவையை உலர்த்திவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். சென்ற மாதம் மார்கழித் திருவாதிரைக்கு முந்திய ஆறு நாள்களில் எனக்கு நேர்ந்ததை மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும்.

பாளையங்கோட்டையில் பெண்கள் பள்ளி ஒன்றில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வயது எழுபத்து நான்கு. ஆண்டுதோறும் திருவாதிரை அன்று சேரன்மகாதேவியில், ஆற்றங்கரைக் கோயில் ஒன்றின் மண்டபத்தில், பெண்கள் இருபது பேர் கூடிப் பழம்பதிகங்களைச் சூரியோதயம் தொடங்கி மாலைவரை முற்றோதுவோம். இரண்டு வரிசையாக எதிரெதிரே அமர்வது எங்கள் முறை. ஒரு வரிசை ஒரு பாடலைப் பாடும். அதன் கடைசி அடியை இருமுறை பாடி நிறுத்தும். இரண்டாம் முறை முடிந்த பின்னரே எதிர்வரிசை அடுத்த பாடலை எடுக்க வேண்டும். முதன்முறையிலேயே எடுத்துவிட்டால் இரு குரலும் மோதிப் பதிகம் குலைந்துபோகும். ஒரு வரிசைக்குப் பாடல் எடுத்துக் கொடுப்பவள் நான். எதிர்வரிசைக்கு எடுத்துக் கொடுப்பவள் என் கணவரின் தங்கை.

நான்கு ஆண்டுகளுக்கு முன் என் செவிகள் மங்கின. வலது செவியில், அருகில் வந்து உரக்கப் பேசினால் கேட்கும் அளவுக்குச் சிறிது மிச்சம் உண்டு. இடது செவியில் அதுவும் இல்லை. அவரை விதை அளவில் இரண்டு செவிக்கருவிகள் வாங்கிப் பொருத்திக்கொண்டேன். அவற்றை ஒரு சிறு பெட்டியில் வைத்து, பெட்டியை வயரால் மின்சாரத்தோடு இணைத்தால் அவை சக்தி பெறும். பெட்டியின் முகப்பில் பச்சை விளக்கு எரியும். அந்தப் பச்சை விளக்கு எரிந்தால்தான் எனக்குப் பதிகம்.

கார்த்திகைச் சோமவாரப் பயிற்சிகளில்தான் தொல்லை தொடங்கியது. காலையில் விளக்கு எரிந்ததைப் பார்த்துத்தான் அணிந்து போவேன். ஒரு மணி நேரத்தில் இரண்டு கருவிகளும் ஊமையாகிவிடும். திருவாதிரைக்கு ஆறு நாள் இருக்கையில் நடந்த கடைசிப் பயிற்சியில், எதிர்வரிசை கடைசி அடியை முதன்முறை பாடியதுமே முடிந்துவிட்டது என்று எண்ணி மூன்று முறை முந்திக்கொண்டேன். நாத்தனார் எழுந்து வந்து என் வலது செவியருகே குனிந்தாள். எனக்குக் கேட்க வேண்டும் என்று உரக்கச் சொன்னதால் மண்டபம் முழுவதற்கும் கேட்டது.

"மைனி, இன்னைக்கு மூணு தடவை முந்திட்டிய. எங்க ஆளுக பாதியில வாயை மூட வேண்டியதாப் போச்சு."

"மிஷின்ல சார்ஜ் நிக்க மாட்டேங்கு. அதான்."

"நிக்கலைன்னா விட்டுருங்களேன். எத்தன வருசமாப் பாடுதிய! திருவாதிரைக்குச் சும்மா தூண்ல சாஞ்சு இருந்து கேளுங்க மைனி."

என்னை அழைத்துப்போக வந்திருந்த என் கணவர் என் வலப்பக்கம் வந்து நின்று உரக்கக் குரல் கொடுத்தார். "ஏட்டி, காது கேக்கலைன்னு பாட வேண்டாம்ங்குத. பெறவு உக்காந்து கேளுங்குத. இது எந்த ஊரு நியாயம்?"

எல்லாரும் சிரித்தார்கள். நாத்தனாரும் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் பேருந்தில் வரும்போது சன்னலுக்கு வெளியே நெல்வயல்கள் ஓசையற்று ஓடிக்கொண்டிருந்தன, எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சொன்னதில் பிழை இல்லை. முந்துகிறவள் முன்னால் அமரக் கூடாது. அமர வேண்டுமானால் ஆறு நாள்களுக்குள் என் செவிகள் சீராக வேண்டும். கருவி விற்ற இடத்துக்குக் கைப்பேசியில் எழுதிக் கேட்டோம். பெட்டியை அனுப்பிவைத்தால் பத்து நாளில் பார்த்துத் தருவதாகப் பதில் வந்தது. பத்து நாள் என்னிடம் இல்லை. ஆகவே அந்தப் பெட்டிக்கு என்ன குறை என்பதை நானே கண்டுபிடிப்பது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் காலை வழிபாடு முடிந்ததும், வீட்டில் உள்ள வயர்கள் அனைத்தையும் கொண்டுவந்து வெள்ளைத் துண்டு ஒன்றின் மேல் பரப்பினேன். எது எதனுடையது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. எழுத்தறியாதவர் முன் ஏடு விரித்ததுபோல விழித்தேன். பின், வயதுவந்தோர் வகுப்பு எடுத்த நாள்களில் செய்ததுபோல, வடிவத்தை மட்டும் பார்த்து இனம் பிரிக்கத் தொடங்கினேன். பழைய கைப்பேசிக்கு உரிய, ஊசிபோல் உருண்ட முனை ஒன்று. மேற்பக்கம் குறுகிக் கீழ்ப்பக்கம் அகன்று, ஒரு பக்கமாக மட்டுமே நுழையும் முனை ஒன்று. அதன் பெயர் மைக்ரோ என்று பின்னர் அறிந்தேன். இருபுறமும் சமமாக வளைந்து, எப்படித் திருப்பினாலும் நுழையும் நீள்வட்ட முனை டைப்-சி. மறுகோடியில் சுவர் மின்னேற்றிக்குள் செல்வது பெரும்பாலும் அகன்று தட்டையான பழைய யூ.எஸ்.பி. முனை. என் கணவர் புதிதாக வாங்கிய கைப்பேசியோடு வந்த வெள்ளை வயரில் மட்டும் இரு கோடியிலும் டைப்-சி இருந்தது.

என் பெட்டியின் வாய் நீள்வட்டம். ஆகவே டைப்-சி. இவ்வளவும் தெரிந்ததில் எனக்கு ஒரு தெம்பு வந்தது. என் கணவரோ டார்ச் விளக்கின் மைக்ரோ வயரை எடுத்து அந்த வாயில் வைத்து அழுத்தத் தொடங்கினார்.

"பைய அழுத்துனா போயிரும்" என்று என் வலது செவியில் சொன்னார்.

"போகாது. வாய் வேற, நாக்கு வேற. எடுங்க அதை."

"எல்லாம் கரண்டுதானே?"

"கரண்டு ஒண்ணுதான். வாசல் வேற."

பெட்டியோடு வந்த கறுப்பு வயரைப் பொருத்தினேன். ஒரு முனை டைப்-சி, மறுமுனை அகன்ற பழைய வகை. ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால் பச்சை விளக்கு எரிந்தது. கையை எடுத்தால் அணைந்தது. வயர் உள்ளே அறுந்திருக்கிறது என்று தீர்மானித்து அதைச் சுருட்டிக் குப்பைக் கூடையருகே வைத்தேன். அடுத்துக் கணவரின் வெள்ளை வயர். பாதி நுழைந்து நின்றது. விளக்கு எரியவே இல்லை. புது வயரும் பயன்படவில்லை என்றால் பெட்டியே பழுது என்று முடிவுகட்டினேன். இரண்டு தீர்ப்பும் தவறு. அப்போது அது தெரியாது.

மூன்றாம் நாள் பெட்டியை எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டைச் சந்தைக்கு அருகில் உள்ள ஒரு கைப்பேசி பழுதுபார்க்கும் கடைக்குச் சென்றேன். நடத்துபவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. மேசைக்குப் பின்னால் சுவரில் வேத வசனம் எழுதிய நாள்காட்டி தொங்கிக்கொண்டிருந்தது. நான் வலது செவியைத் தொட்டுக் காட்டியதும் புரிந்துகொண்டு, நாற்காலியை அந்தப் பக்கம் நகர்த்திப் போட்டு அமர்ந்தார். உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு பெட்டியின் வாயைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"டீச்சர், இதுக்குள்ள என்னத்த வச்சிய?"

"வயரைத் தவிர ஒண்ணும் வைக்கலையே."

மெல்லிய மரக்குச்சி ஒன்றால் பையப் பைய நெம்பினார். மஞ்சளும் சிவப்புமாகக் கெட்டிப்பட்ட ஒரு சிறு கட்டி வெளியே வந்து விழுந்தது. எடுத்து முகர்ந்தவர் உரக்கச் சிரித்துவிட்டார்.

"சந்தனம்லா மணக்கு!"

எனக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. ஆயுத பூசை அன்று வீட்டில் உழைக்கும் பொருள் அனைத்துக்கும் சந்தனமும் குங்குமமும் இடுவது வழக்கம். அரிவாள்மணை, தையல் இயந்திரம், கணவரின் ஸ்கூட்டர், பதிகப் புத்தகங்கள் ஆகியவற்றோடு, எனக்காக இரவும் பகலும் உழைக்கும் அந்தப் பெட்டியையும் வைத்தேன். முகப்பில் இட்டால் விளக்கு மறையும் என்று கருதி, திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தேன். பொட்டு உதிராமல் நிற்கத் தோதாக ஒரு சிறு குழி இருந்தது; அதுதான் வயர் செருகும் வாய் என்பது பூசைப் பரபரப்பில் நினைவுக்கு வரவில்லை. மகிழ்ந்து, விரல் நுனியால் நிறைவாகச் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமமும் இட்டேன். மறுநாள் மேலாகத் துடைத்துவிட்டு வயரைச் செருகினேன். அன்றுமுதல் ஒவ்வொரு முறை செருகும்போதும் அந்தச் சந்தனத்தை நானே உள்ளே இடித்து இறுக்கி வந்திருக்கிறேன். முனை முழுதாக நுழைய முடியாமல் போனது அதனால்தான்.

நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நாங்க ஜெபம் பண்ணுனதோட சரி டீச்சர், சாமான்ல ஒண்ணும் பூச மாட்டோம். ஆனா எங்க அண்ணன் வண்டியில எலுமிச்சம்பழம் தொங்கும். கேட்டா, வண்டி வித்தவன் கட்டுனதும்பான்."

சிறு தூரிகையைச் சாராயம்போல் மணந்த ஏதோ திரவத்தில் தோய்த்து உள்ளே துடைத்தார். பிறகு தம் கடை வயரைப் பொருத்தினார். பச்சை விளக்கு ஆடாமல் எரிந்தது.

"உள்ள ரெண்டு கம்பி கறுத்திருக்கு. முழுசா ஏற முன்னைவிட நேரமாகும். ஆட்டாம, நேரா செருகுங்க. வார பூசைக்கு மேல் மூடியில வைங்க பொட்டை."

பெருமிதத்தோடு வீடு திரும்பினேன். கறுப்பு வயர் பழுது என்று ஒதுக்கிவிட்டதால் வெள்ளை வயரையே பொருத்தினேன். இப்போது முனை முழுதாக, பிசகின்றி, கச்சிதமாக உள்ளே சென்றது. விளக்கு எரியவில்லை. திருப்பிச் செருகினேன், இல்லை. ஒரு மணி நேரத்துக்கு முன் என் கண்ணெதிரே எரிந்த விளக்கு.

அன்று மாலை நாத்தனார் தொலைபேசியில் அழைத்தாள். கணவர்தான் பேசினார். பேசி முடித்து, ஒரு தாளில் எழுதி என் முன் நீட்டினார். என் வரிசைக்குப் பாடல் எடுத்துக் கொடுக்க வேறு ஒருவரிடம் சொல்லி வைத்திருக்கிறாளாம். நான் வருத்தப்படக் கூடாதாம். படித்தேன். மடித்துப் பதிகப் புத்தகத்துக்குள் வைத்தேன். அழவில்லை என்று எழுத ஆசைதான். பொய் புகக் கூடாது என்று வேண்டிக்கொண்டு தொடங்கியதால், சிறிது அழுதேன் என்றே எழுதுகிறேன்.

பிறகு முகம் கழுவி, நீறணிந்து, ஒரு நோட்டை எடுத்தேன். கடையில் எரிந்தது, வீட்டில் எரியவில்லை. இரண்டு இடத்துக்கும் இடையே மாறியவை எவை? வயர் மாறியது, சுவரில் செருகும் மின்னேற்றியும் மாறியது, பெட்டி மாறவில்லை. ஆகவே குறை பெட்டியில் இல்லை. வெள்ளை வயரையும் அதன் மின்னேற்றியையும் கணவரின் கைப்பேசியில் பொருத்தினேன். அது சக்தி பெற்றது. ஆகவே குறை அவற்றிலும் இல்லை. தனித்தனியே பார்த்தால் எதிலும் குறை இல்லை. சேர்ந்தால் மட்டும் வேலை இல்லை. கடைக்காரரின் வயர் எப்படி இருந்தது என்று கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன். அதன் மறுகோடி அகன்று தட்டையாக இருந்தது. உடனே எழுந்து, குப்பைக் கூடையருகே கிடந்த கறுப்பு வயரை எடுத்து, பழைய மின்னேற்றியில் செருகி, பெட்டியோடு இணைத்தேன்.

பச்சை எரிந்தது. கையை எடுத்தேன். எரிந்துகொண்டே இருந்தது. பழுது என்று நான் தள்ளி வைத்த வயரில் ஒரு பழுதும் இல்லை. என் சந்தனத்தின் பழியை அது சுமந்திருந்தது.

காரணம் தெரியாமல் விட மனமில்லை. மறுநாள் மீண்டும் கடைக்குப் போனேன், இம்முறை இரு செவியிலும் கருவியோடு. அந்தப் பெண்மணி விளக்கினார்.

"அகல முனை இருக்கே டீச்சர், அது பழைய ஆளு. யாரு என்னன்னு கேக்காது, செருகுனதும் கரண்டை விட்டுரும். ரெண்டு பக்கமும் சி வந்தா அப்படி இல்ல. அந்தப் பக்கம் ஆளு இருக்கா, எவ்வளவு வேணும்னு விசாரிச்சுட்டுத்தான் விடும். அதுக்குப் பதில் சொல்லுததுக்குச் சாமானுக்குள்ள சின்னதா ஒரு ரெசிஸ்டர் இருக்கணும். இதைச் செஞ்சவன் அதை வைக்காம விட்டுட்டான்."

"அப்போ பெட்டி ஊமை."

"ஊமைன்னு சொல்லலாம். வாய் மட்டும் புது மாடல்."

வாய் பொருந்திவிட்டால் எல்லாம் பொருந்திவிட்டது என்று நினைத்தேன். முனையின் வடிவம் வழியைத் திறப்பது மட்டுமே. உள்ளே ஒன்று கேட்க, மற்றொன்று விடை சொன்னால்தான் ஆற்றல் செல்லும் என்பதை அன்று அந்தக் கடை மேசையில் கற்றேன். வயரின் இரு முனையிலும் மையால் சிறு புள்ளி வைத்துக்கொண்டேன். இது பெட்டிக்கு உரியது என்று தெரிய.

அங்கிருந்து நேராக நாத்தனார் வீட்டுக்குப் போனேன். அவள் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நான்தான் எடுத்துக் குடுப்பேன்" என்றேன்.

அவள் என் செவிகளைப் பார்த்தாள். "கேக்குதா மைனி?"

"நீ கீரைத் தண்டை ஒடிக்கது கேக்கு."

"இன்னைக்குக் கேக்கும். நாள் பூரா நிக்குமா? நடுவுல நின்னுபோச்சுன்னா?"

"அதுக்கும் யோசனை பண்ணிருக்கேன்."

"ஒரு தடவை முந்துனாலும் அடுத்த ஆளைக் கூப்பிட்டுருவேன். அண்ணன் பொண்டாட்டின்னு பாக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

"பாக்காத."

திருவாதிரை அன்று கதிர் எழும் வேளையில் தொடங்கினோம். பல நாள்களுக்குப் பின் எதிர்வரிசைக் குரல்கள் ஒவ்வொன்றும் எனக்குத் தனித்தனியே கேட்டன. கடைசி அடியின் முதன்முறை, இரண்டாம் முறை, அதன்பின் வரும் சிறு மூச்சு; அந்த மூச்சும் கேட்டது. உச்சிவேளைவரை ஒருமுறைகூட நான் முந்தவில்லை.

ஆனால் கறுத்த கம்பிகள் கறுத்தவைதாம். இரவு முழுதும் வைத்தும் கருவிகள் முழுதாக ஏறியிருக்கவில்லை. பிற்பகலில் இடது கருவி எச்சரிக்கை ஒலி எழுப்பி நின்றது. எதிர்பார்த்ததுதான். பதிகம் ஒன்று முடிந்த இடைவெளியில் ஒலிபெருக்கி வைத்திருந்தவரிடம் பெட்டியோடு போனேன்.

"ஆச்சி, நம்மகிட்ட ஃபாஸ்ட் சார்ஜர் இருக்கு. ரெண்டு பக்கமும் சி. சட்டுனு ஏத்திரும்" என்றார் அவர்.

"அது கேக்குத கேள்விக்கு இதுக்குப் பதில் தெரியாது. அகல ஓட்டை உள்ளது இருந்தாக் குடுங்க."

அவர் பைக்குள் கைவிட்டுப் பழைய மின்னேற்றி ஒன்றைத் தேடி எடுத்தார். புள்ளி வைத்த வயரைச் செருகி, இடது கருவியை மட்டும் பெட்டியில் வைத்துவிட்டு, வலது செவியோடு திரும்பிவந்து பாடினேன். இடது ஏறியதும் வலதை வைப்பது என் திட்டம். திட்டத்தில் ஒரு கணக்கு தவறிவிட்டது. இடது கருவி போதிய அளவு ஏறுவதற்குள் வலதும் எச்சரிக்கை ஒலி எழுப்பி நின்றது.

நடுப்பதிகம். எதிர்வரிசை பாடிக்கொண்டிருக்கிறது. வாய்கள் அசைகின்றன, கொட்டும் நீரைக் கண்ணாடிக்கு அப்பால் பார்ப்பதுபோல இருந்தது. எழுந்து போனால் என் இடம் போய்விடும். இருந்தால் முந்திவிடக்கூடும். என் கை தானாக வலது செவிக்குச் சென்றது. அதை நாத்தனார் பார்த்துவிட்டாள்.

வேறு யாரையும் அவள் அழைக்கவில்லை. சன்னிதியை நோக்கி இருந்த தன் முகத்தை என் பக்கம் திருப்பினாள். கடைசி அடியை இரண்டாம் முறை எடுக்கும்போது உள்ளங்கையைத் தோளளவு உயர்த்தினாள். அடி முடிந்ததும் தாழ்த்தினாள். அந்தக் கை முழங்காலைத் தொட்டதும் நான் அடுத்த பாடலை எடுத்தேன். என் குரலே எனக்குச் சரியாகக் கேட்காத நிலையில், பதினோரு பாடல்கள் அவள் கையைப் பார்த்தே சென்றன. அதற்குள் என் கணவர் பெட்டியிலிருந்து இடது கருவியை எடுத்துவந்து என் உள்ளங்கையில் வைத்தார். அணிந்ததும் மண்டபத்தின் ஒலி முழுவதும் ஒரே வெள்ளமாக வந்து புகுந்தது. கேட்கிறது என்று அவளுக்குச் சைகை காட்டினேன். அவளோ மாலை நிறைவுப் பாடல்வரை கையை உயர்த்துவதையும் தாழ்த்துவதையும் நிறுத்தவில்லை.

தீபாராதனை முடிந்து நீறு வாங்கும்போது அருகில் வந்தாள்.

"ஒரு தடவைகூட முந்தலையே மைனி."

"நீ கை காட்டுனியே."

"நானா? ஈ ஓட்டுனேன். சர்க்கரைப் பொங்கல்ல ஒரே ஈ."

"பதினோரு பாட்டுக்குமா?"

"அது என்னமோ சரியா அடி முடியும்போது வருது அந்த ஈ." என் செவியில் இருந்த கருவியை விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்தாள். "வார வருசமும் நீங்கதான் அந்தப் பக்கம். அந்தக் கறுத்த கம்பியை மட்டும் மாத்திருங்க."

கம்பிகளை மாற்றக் கடையில் கொடுத்திருக்கிறேன். நாளை மறுநாள் தருவதாகச் சொல்லியிருக்கிறார் அந்தப் பெண்மணி. அதுவரை ஊமையாய் இருக்கும் என் இரு செவிகளோடு இதை எழுதி முடிக்கிறேன்.

இதைப் படிக்கும் அனைவரும், உங்கள் இல்லத்தாரும் நீடு வாழ்க. அன்புடையோர் அழைக்கும் குரல் உங்கள் செவிக்கு என்றும் எட்டுக. கேட்பதற்குச் செவி போதாத வேளையில், எதிரே அமர்ந்து கை உயர்த்துவார் ஒருவர் உங்களுக்கும் வாய்க்க, அம்மையப்பர் அருள் நிறைக.